சிட்டத்தில் ஒரு சீட்டு
(நிறப்பார்வைக் குறைபாடு குறித்து ஆரணியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆரணிக்குப் பட்டுச் சேலை எடுக்க வருகிறவர்கள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் நாற்பது சேலையைப் பிரித்துப் பார்த்து, ஒன்றை ஒதுக்கி வைத்த பிறகு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். வெயிலில் ஒரு முறை விரித்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். உள்ளே அரக்காகத் தெரிந்தது வெளியே மெரூனாகத் தெரியும். உள்ளே நீலமாக இருந்த மயில்கழுத்து வெளியே பச்சைக்குத் திரும்பியிருக்கும். எந்தக் கடைக்காரரும் இதைத் தடுப்பதில்லை. நிறம் என்பது சேலையில் மட்டும் இல்லை, அதன் மேல் விழும் வெளிச்சத்திலும் அதைப் பார்க்கும் கண்ணிலும் சேர்ந்தே இருக்கிறது என்பது பட்டு விற்கும் ஊருக்குப் பாடம் படிக்காமலே தெரியும். ஆனால் வெளிச்சத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற நாம் கண்ணுக்கு அதே இடத்தைக் கொடுப்பதில்லை. வெளிச்சம் மாறலாம் என்று ஒப்புக்கொள்கிறோம்; கண்ணும் ஆளுக்கு ஆள் மாறலாம் என்றால் அதற்குக் ‘குருடு’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். நிறப்பார்வையில் குறை உள்ளவர் பட்டுத் தொழில் செய்ய முடியுமா என்று கேட்பது தவறான கேள்வி. இந்தத் தொழிலில் நிறம் யார் கையில், எந்த நேரத்தில் முடிவாகிறது என்று கேட்க வேண்டும். இதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்க வந்த வாதம். அப்படிக் கேட்டுப் பார்த்தால், ஒரு துண்டுச் சீட்டில் தீரக்கூடிய காரியத்துக்காக மனிதர்களை ஒதுங்கவோ ஒளியவோ வைத்திருக்கிறோம் என்பது தெரியவரும்.

முதலில் கண். நம் விழித்திரையில் நிறம் பார்ப்பதற்கென்று கூம்பு செல்கள் மூன்று வகை இருக்கின்றன. நீண்ட அலை ஒளிக்கு ஒன்று, நடுத்தர அலைக்கு ஒன்று, குறுகிய அலைக்கு ஒன்று. வசதிக்காக அவற்றைச் சிவப்பு, பச்சை, நீலக் கூம்புகள் என்று சொல்லிக்கொள்வோம். சூரிய ஒளியில் கலந்து வரும் எண்ணற்ற அலைகளை இந்த மூன்று மட்டுமே அளந்து, மூன்று அளவுகளாகச் சுருக்கி மூளைக்கு அனுப்புகின்றன. எனவே குறை இல்லாத கண் என்று நாம் சொல்லும் கண்ணும் பெருமளவு தகவலைக் கீழே போட்டுவிட்டுத்தான் பார்க்கிறது. பறவைகளுக்கு நான்கு வகைக் கூம்புகள் உண்டு. மயில்கழுத்து என்று நாம் நெய்யும் நிறத்தைப் பெண்மயில் எப்படிப் பார்க்கிறது என்பது நம்மில் ஒருவருக்கும் எட்டாது. அந்த மயிலின் கணக்கில் நாம் எல்லோருமே ஒரு கூம்பு குறைந்தவர்கள்.

இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போனாலோ, இருந்தும் அதன் அலைவரிசை பக்கத்துக் கூம்பின் அருகே நகர்ந்துவிட்டாலோ வருவதுதான் நிறப்பார்வைக் குறைபாடு. அதிலும் வகைகள் உண்டு; வகைக்கு வகை வாழ்க்கை வேறு. சிவப்புக் கூம்பு இல்லாதவருக்குச் சிவப்பு என்பது வேறு நிறமாக மாறுவதோடு இருளவும் செய்யும். அரக்கு நூல் சிட்டத்தையும் கறுப்பு நூல் சிட்டத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றே. பச்சைக் கூம்பு இல்லாதவருக்கு அந்த இருட்டு கிடையாது. ஆனால் இலைப்பச்சையும் காப்பிக்கொட்டைப் பழுப்பும் குழம்பும், கத்தரிப்பூவும் நீலமும் குழம்பும், வெளிர் ரோஸ் சாம்பலோடு போய்ச் சேரும். இந்த இரண்டையும்விட மிகுதியாக இருப்பது மூன்றாவது கூட்டம். அவர்களுக்கு மூன்று கூம்பும் உண்டு. பச்சைக் கூம்பு மட்டும் சிவப்பின் பக்கம் சாய்ந்திருக்கும். நல்ல வெயிலில், பெரிய துணியில், அழுத்தமான சாயத்தில் அவர்கள் பெரும்பாலும் தவறுவதில்லை. மெல்லிய நூலில், மங்கிய வெளிச்சத்தில், வெளிர் நிறத்தில்தான் தடுமாறுவார்கள். நீலக் கூம்பு குறைந்தவர்கள் மிக அரிது. அவர்களுக்கு நீலமும் பச்சையும் ஒன்றாகும், மஞ்சளும் வெளிர் ரோஸும் ஒன்றாகும். கூம்பே வேலை செய்யாமல் கறுப்பு வெள்ளைச் சாயல்களில் மட்டும் உலகைப் பார்ப்பவர்கள் அதைவிட அரிது. அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்த எல்லோரையும் ‘நிறக்குருடு’ என்ற ஒரே சொல்லால் கட்டிவிட்டோம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நிறம் பார்க்கிறவர்கள். நம்மைவிடக் குறைந்த நிறங்களைப் பார்க்கிறார்கள், அவ்வளவே. சொல் தவறாக இருந்தால் அதைத் தொடர்ந்து வரும் முடிவும் தவறாகிறது; அதனால்தான் இந்தச் சொல்லோடு எனக்குப் பிணக்கு.

இப்படி ஒரு குறை இருந்தால் ஐந்து வயதிலேயே வீட்டுக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரிவதில்லை. அதற்கு நம் நிறப் பெயர்களே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ, வாடாமல்லி, அரக்கு என்று தமிழில் பட்டு நிறங்களின் பெயர்கள் பெரும்பாலும் பொருள்களின் பெயர்கள். கிளி பச்சை என்பதும் மாம்பழம் மஞ்சள் என்பதும் குழந்தைக்குக் கண்ணால் மட்டுமா தெரிகிறது? காதாலும் தெரிகிறது. பெயர் முதலில் வந்துவிடுகிறது, நிறம் பிறகு அதன் மேல் ஏறிக்கொள்கிறது. ஆகவே குறை உள்ள பிள்ளை நிறங்களைப் பற்றிச் சரளமாகப் பேசும். இலை பச்சை, ரத்தம் சிவப்பு என்று எப்போதும் சரியாகவே சொல்லும். பெயர் இல்லாத ஒரு சிட்டத்தைக் கையில் கொடுத்து, இதே மாதிரி இன்னொன்று எடுத்து வா என்று அனுப்பும்போதுதான் சிக்கல் வெளிப்படும். அப்போதும் அதற்கு நாம் வைக்கும் பெயர் கவனக்குறைவு.

இதற்குப் பெரிய சாட்சி அணுக் கொள்கையைத் தந்த ஜான் டால்டன். 26 வயது வரை தன் கண்ணில் வேறுபாடு இருப்பது அவருக்குத் தெரியாது. 1792 இல் ஒரு ஜெரேனியம் பூ பகலில் வான நீலமாகவும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் அவருக்குத் தெரிந்தது. இந்த மாற்றத்தைச் சுற்றி இருந்தவர்களிடம் கேட்டார். அவருடைய அண்ணன் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் அப்படித் தெரியவில்லை. நம் கடை வாசல் சோதனையேதான், திசை மட்டும் வேறு. 1794 இல் மான்செஸ்டரில் அறிஞர் அவை ஒன்றில் தன் கண்ணைப் பற்றி அவர் ஆற்றிய உரைதான் இந்தத் துறையின் முதல் ஒழுங்கான அறிவியல் பேச்சு. தன் கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீல நிறமாக இருக்க வேண்டும் என்று ஊகித்து, இறந்த பின் அறுத்துப் பாருங்கள் என்று சொல்லி வைத்தார். 1844 இல் அறுத்துப் பார்த்தார்கள். நீர்மம் தெளிவாகவே இருந்தது. காப்பாற்றி வைத்திருந்த கண் திசுவில் 1995 இல் மரபணுச் சோதனை செய்தபோது, அவருக்குப் பச்சைக் கூம்புக்கான மரபணு இல்லை என்று தெரிந்தது. தன் குறையைத் தானே ஆராய்ந்த மாபெரும் அறிஞருக்கும் காரணம் பிடிபடவில்லை. ஒரு பள்ளிப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்துச் சொல்லும் என்று எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

டால்டனின் அண்ணனுக்கும் அதே கண் இருந்தது தற்செயல் இல்லை. சிவப்பு, பச்சைக் கூம்புகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் தாயிடமிருந்து வருவது. அது பழுதானால் ஈடு கட்ட இன்னொன்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றிவிடும். ஆனால் அவள் மகனுக்கு அது போகச் சரிபாதி வாய்ப்பு. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதால் பேரனைப் பெயரன் என்றார்கள். தாய்வழித் தாத்தாவின் பெயரோடு சில வீடுகளில் அவருடைய கண்ணும் இப்படி மகள் வழியாகப் பேரனுக்கு வந்து சேர்கிறது. மகளுக்கு அதன் சுவடே தெரியாது. தகப்பனிடமிருந்து மகனுக்கு இது போவதே இல்லை.

இங்கே ஒரு எதிர்ப்பு எழும். அது நேர்மையான எதிர்ப்பு. பள்ளியில் சோதித்துப் பெயர் சொன்னால் நாளை அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சு கெடாதா? சிறிய ஊர், எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். இதற்குக் கணக்கைக் கொண்டே பதில் சொல்கிறேன். வட ஐரோப்பிய வழி ஆண்களில் நூற்றுக்கு 8 பேருக்கு இந்தக் குறை உண்டு. பெண்களில் 200 பேருக்கு ஒருவர். இந்தியாவில் எடுத்த கணக்குகள் இடத்துக்கு இடம் மாறினாலும் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. நூறு ஆண்களில் 3 பேர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆயிரம் ஆண்களில் 30 பேருக்குக் குறை இருக்கும். அதேபோல் ஆயிரம் பெண்களில் ஏறக்குறைய 58 பேர் குறை வெளியே தெரியாமல் மரபணுவைச் சுமப்பவர்களாக இருப்பார்கள். எந்தத் தெருவும் இதற்கு விலக்காக முடியாது. பெண் கேட்டு வருகிற வீட்டில் அது இல்லை என்று யாரும் சத்தியம் செய்யவும் முடியாது. அக்காள் மகளைக் கட்டுகிற வழக்கத்தால் இது வந்தது என்று சிலர் நினைப்பதும் சரியில்லை. ஆணுக்கு வருவதற்கு அந்த உறவு தேவையில்லை. குறை உள்ள மாமன் அக்காள் மகளைக் கட்டும்போது பிறக்கும் பெண் பிள்ளைக்கு அது வெளிப்படும் வாய்ப்பு சற்றுக் கூடும், அவ்வளவுதான். உயிருக்கோ பார்வைக் கூர்மைக்கோ கேடு செய்யாத, வயதோடு வளராத ஒன்றை மறைத்து வைப்பதால்தான் அது நோய் போலத் தோன்றுகிறது.

சரி, தொழிலுக்கு வருகிறேன். நிறப்பார்வையைச் சோதித்து வேலைக்கு ஆள் எடுக்கும் வழக்கம் நூல் சிட்டத்தை வைத்துத்தான் பரவியது என்பது இந்த ஊருக்குத் தெரிய வேண்டிய செய்தி. 1875 நவம்பரில் ஸ்வீடன் நாட்டில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதி 9 பேர் இறந்தார்கள். சமிக்ஞை விளக்கின் நிறத்தை ஊழியர் ஒருவர் தவறாகப் பார்த்திருக்கலாம் என்று எடுத்துச் சொன்னவர் உப்சாலாப் பல்கலைக்கழக உடலியல் பேராசிரியர் ஃப்ரித்யோஃப் ஹோம்கிரேன். அவர் உருவாக்கிய சோதனையில் பல நிறக் கம்பளி நூல் சிட்டங்களை மேசையில் குவித்து வைப்பார்கள். வெளிர் பச்சைச் சிட்டம் ஒன்றைக் காட்டி, இதற்கு நெருக்கமானவற்றை எல்லாம் பொறுக்கு என்பார்கள். நிறத்தின் பெயரைக் கேட்கவே மாட்டார்கள். பெயர் மறைக்கும், கை மறைக்காது என்று ஹோம்கிரேன் அறிந்திருந்தார். சோதனை அருமையானது, அதிலிருந்து எடுத்த முடிவுதான் அவசரமானது. சிட்டத்தைப் பொறுக்கத் தவறியவர்களை ரயில் வேலைக்கு ஆகாதவர்கள் என்று ஒதுக்கும் வழக்கம் நாடு நாடாகப் பரவியது. டால்டனின் மரபணுவை ஆராய்ந்தவர்களில் ஒருவரான கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஜான் மோலனும் அவருடைய சகாவும் 2012 இல் லாகர்லுண்டா விபத்தின் ஆவணங்களைத் திரும்பப் படித்துப் பார்த்து, நிறப்பார்வைக் குறைதான் விபத்துக்குக் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். ஒருவருக்குக் குறை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்தக் குறை இந்த வேலையின் இந்த இடத்தில் தீங்கு செய்யுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொண்ட பழக்கம் அங்கே தொடங்கி இன்றுவரை நீடிக்கிறது.

அந்த இரண்டாவது கேள்வியைப் பட்டுத் தறியில் வைத்துக் கேட்போம். கச்சாப் பட்டு முறுக்கேறி, சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் பசை நீங்கி, சாயத் தொட்டிக்கு வருகிறது. அங்கே சாயக்காரர் சிட்டத்தை ஒரு கோலில் மாட்டிச் சுடுநீரில் புரட்டிக்கொண்டே, கேட்ட நிறம் வந்ததா என்று மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஈர நூல் அழுத்தமாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். அந்த இடைவெளியை மனக்கணக்காகப் போட வேண்டும். நிறம் முடிவாகும் முதல் இடம் இது. முக்கியமான இடமும் இதுதான். எந்த உடலுக்கு எந்தக் கரை, எந்த முந்தி என்று தீர்மானிக்கும் வடிவமைப்பாளரும் முதலாளியும் இருப்பது இரண்டாவது இடம். அதன் பிறகு சாயமேறிய பாவும் ஊடையும் எடை போட்டு நெசவாளர் வீட்டுக்கு வரும்போது நிறத் தீர்மானம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. குழித்தறியில் உட்கார்ந்தவரின் திறமை வேறு இடத்தில் இருக்கிறது. மிதியும் அடியும் ஒரே சீராக விழுவது, ஊடை இழை இறுக்கம் மாறாமல் சேர்வது, அறுந்த இழையை முடிச்சு தெரியாமல் பிணைப்பது, கோர்வை போடும்போது உடலும் கரையும் பல்லுக்குப் பல் பிடிப்பது, இவற்றில் ஒன்றுக்கும் நிறக் கண் தேவையில்லை. ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டையைப் பாருங்கள். ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. யாளியும் அன்னமும் மாங்காயும் அந்த அட்டையில் நிறமே இல்லாமல் இருக்கின்றன. சேலையின் சித்திரம் முழுவதையும் நெய்து முடிப்பது நிறம் தெரியாத ஒரு கருவி.

ஆனால் தறியிலும் சில இடங்களில் நிறம் நெசவாளர் கையில்தான் இருக்கிறது. அதை மறைத்து வாதாடினால் என் கட்சி தோற்கும். ஒரே பாவில் அடுத்தடுத்த சேலைகளுக்கு ஊடை நிறம் மாறும்போது எந்தச் சிட்டம் எந்தச் சேலைக்கு என்று எடுக்க வேண்டும். கட்டம் போட்ட சேலையில் நாடா மாற்றும்போது வரிசை தவறக்கூடாது. புட்டாவுக்குச் சிறு சிறு தாராகப் பல நிறம் கோக்கும் வேலையில் பச்சைக்குப் பதில் பழுப்பு போனால் மயிலுக்கு இறகு கெட்டது. பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைக்கும்போது வரி நிறங்கள் வரிசைப்படி சேர வேண்டும். இவை தவிர ஊடையைத் தார் சுற்றுகிற வேலை இருக்கிறது. அது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கையில் நடக்கிறது, அங்கே குறை உள்ள கண் மிக அரிது. ஆக, நெசவாளர் நிறத்தால் தவறக்கூடிய இடங்கள் எண்ணிச் சொல்லக் கூடியவை. அவை எல்லாமே இருப்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடங்கள். ஒரு நிறத்தை உருவாக்கும் இடம் அவற்றில் ஒன்றும் இல்லை. தேர்ந்தெடுக்கும் இடத்தில் கண்ணுக்குப் பதிலாக எழுத்து நிற்க முடியும். சிட்டத்தின் முடிச்சில் ‘இலைப்பச்சை, ஊடை, இரண்டாம் சேலை’ என்று எழுதிய ஒரு சீட்டு தொங்கினால், அந்தச் சிட்டத்தை எடுக்க நிறக் கண் வேண்டாம், தமிழ் எழுத்து தெரிந்தால் போதும். படிக்காத பெரியவருக்கு ஒரு முடிச்சு, இரு முடிச்சு என்று நூலிலேயே குறி வைக்கலாம்.

ஒரு கல்யாணச் சேலை பல நாள் உழைப்பு, நல்ல விலை. ஒரு ஊடை மாறினால் எல்லாம் போச்சு, இந்த ஆபத்தை எதற்கு ஏற்க வேண்டும் என்று முதலாளிகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. எனக்கு வியப்பாக இருப்பது, சீட்டே இல்லாத இன்றைய ஏற்பாட்டை ஆபத்தில்லாதது என்று அவர்கள் நினைப்பதுதான். குறை உள்ளவர் இன்றும் தறிகளில் உட்கார்ந்திருக்கிறார். நூற்றுக்கு மூன்று என்ற கணக்கு அதைத்தான் சொல்கிறது. அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது, சில சமயம் அவருக்கே தெரியாது. சந்தேகம் வரும்போது மனைவியிடமோ பிள்ளையிடமோ சாடையாகக் கேட்டுச் சமாளிக்கிறார். கேட்க ஆள் இல்லாத பொழுதில் ஊகிக்கிறார். ஆபத்து அந்த ஊகத்தில் இருக்கிறது. சீட்டு வந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. குறை இல்லாத நெசவாளருக்கும், மங்கிய மாலையில் அரக்கையும் கறுப்பையும் குண்டு பல்பின் கீழே பிரிக்கும்போது, அதே சீட்டு உதவும். 1824 முதல் பாரிஸில் கோப்லான் நெசவாலையின் சாயப் பகுதியைக் கவனித்த வேதியியல் அறிஞர் செவ்ரேல், கறுப்பு நூல் வெளுப்பாக இருக்கிறது என்று வந்த புகாரை ஆராய்ந்து, சாயத்தில் பிழை இல்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டுகிறது என்று கண்டார். அதை விரித்து 1839 இல் ஒரு பெரிய நூலே எழுதினார். குறை இல்லாத கண்களைக் கொண்ட கைதேர்ந்தவர்கள் எல்லோரும் ஒன்றுபோல ஏமாந்தார்கள். கண்ணை மட்டும் நம்பி நடக்கும் தொழில் எந்தக் கண்ணிடமும் ஏமாறும்.

நிறத்துக்குத் துணையாக இன்னொரு அடையாளத்தை வைப்பது புது யோசனையும் இல்லை. கடையில் வாங்கும் பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்று இருந்தது. பச்சையும் பழுப்பும் இந்தக் குறை உள்ளவர்களுக்கு நேராகக் குழம்பும் ஜோடி. 2020 ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றின. யாரையும் சோதிக்கவில்லை, பெயர் கேட்கவில்லை. வடிவத்தை மாற்றியதும் குழப்பம் தீர்ந்தது. போக்குவரத்து விளக்கில் சிவப்பு எப்போதும் மேலே இருப்பதும் இந்த வகைதான். அதே 2020 இல் ஜூன் மாதம் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், லேசான மற்றும் நடுத்தரக் குறை உள்ளவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் தரலாம் என்று படிவங்களைத் திருத்தியது. குறைக்கு அளவு உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் அது.

நீதிமன்றங்களும் இதே திசையில் வந்திருக்கின்றன. புனே திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்புப் படிக்கத் தேர்வான ஒருவரை நிறப்பார்வைக் குறை என்று திருப்பி அனுப்பிய வழக்கில், 2022 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுலும் எம்.எம்.சுந்தரேஷும் அந்தத் தடையை நீக்கினார்கள். நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழுவின் பெரும்பான்மைக் கருத்து நம் தறிக்கும் பொருந்தும். படம் என்பது பலர் சேர்ந்து செய்யும் கலை. ஒருவருக்கு உள்ள குறையை உடன் வேலை செய்கிறவரின் உதவியால் தாண்டலாம் என்றது குழு. பட்டுச் சேலையைவிடப் பலர் கைப்படும் பொருள் ஏது? அடுத்தது நம் மாநிலத்து வழக்கு. தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் மின் பிரிவு உதவிப் பொறியாளர் வேலைக்குத் தேர்வானவருக்கு இதே குறையைக் காட்டி வேலை மறுக்கப்பட்டது. நிறம் நிறமான மின்கம்பிகளைப் பிரித்தறிய வேண்டுமே என்பது கழகத்தின் வாதம். சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார், டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றியது, 2023 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் அவர் பக்கம் நின்றது. நீதிபதிகள் ரவீந்திர பட்டும் அரவிந்த் குமாரும் தந்த அந்தத் தீர்ப்பு 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் ஒரு கருத்தை முன்னிறுத்தியது. ஆளை விலக்குவதற்கு முன் வேலையை அவருக்கேற்ப நியாயமான அளவில் மாற்றித் தர முடியுமா என்று நிறுவனம் பார்த்தாக வேண்டும் என்பதே அந்தக் கருத்து. நிறப்பார்வைக் குறை அந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. இல்லாதபோதும் பட்டியலை ஒரு சுவராக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தத் தீர்ப்புகளைக் காட்டி எல்லோருக்கும் எல்லா வேலையும் என்று நான் கேட்கவில்லை. சிவப்புக் கூம்பே இல்லாதவர் சாயத் தொட்டியில் தனியாக நின்று அரக்கு நிறத்தை மாதிரிக்குச் சேர்ப்பது சரிவராது. அந்த வேலையின் உயிரே நிறத்தை உருவாக்குவதில் இருக்கிறது. சீட்டு எழுத வேண்டியவரே அவர்தான். இரவில் தூரத்து விளக்கின் நிறத்தை மட்டும் நம்பி வண்டியை நிறுத்த வேண்டிய ரயில் ஓட்டுநர் வேலையும் அப்படியே. இப்படிப்பட்ட சில வேலைகளை ஒதுக்கி வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒதுக்கும்போது அந்த வேலையை வைத்தே சோதியுங்கள் என்கிறேன். 1917 இல் ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா வெளியிட்ட புள்ளிப் படங்களைத்தான் இன்றும் நம் மருத்துவமனைகளில் காட்டுகிறார்கள். சிவப்பு-பச்சைக் குறை இருக்கிறதா என்பதை அது நன்றாகச் சொல்லும். எவ்வளவு என்பதை நம்பும்படி சொல்லாது; நீலக் குறையைப் பிடிக்கவே பிடிக்காது. வாசலில் நிற்கும் காவல்காரரிடம் உள்ளே நடக்கும் வேலையைப் பற்றித் தீர்ப்புக் கேட்பது போன்றது, அந்தப் படத்தை மட்டும் வைத்து ஒருவரின் பிழைப்பை முடிவு செய்வது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்ற விளம்பரங்களையும் நம்ப வேண்டாம். அந்தக் கண்ணாடி சில நிறங்களின் வேறுபாட்டைத் தூக்கிக் காட்டும். இயல்பான நிறப்பார்வையைத் தராது என்று 2018 இல் ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. செல்போன் செயலி நிறத்தின் பெயர் சொல்லும். சாய்த்தால் ஒன்று, நிமிர்த்தினால் ஒன்று என்று மாறும் இரட்டை நிறப் பட்டின் முன் அது திணறும்.

இதுவரை சொன்னது பிறவிக் குறை. இந்த ஊருக்கு அதைவிட அவசரமானது இடையில் வருவது. காசநோய்க்குத் தரும் மருந்துகளில் ஒன்று எத்தாம்புட்டால். சிலருக்கு அது பார்வை நரம்பைத் தாக்கும். தாக்கும்போது முதலில் தெரியும் அறிகுறிகளில் ஒன்று, சிவப்பும் பச்சையும் மங்குவது. உடனே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றினால் பலருக்குத் திரும்பக் கிடைக்கும். சொல்லாமல் விட்டால் பார்வையே போகலாம். பொதுவாக ஒருவர் இந்த மாற்றத்தைக் கவனிக்க நாளாகும். தினமும் பட்டு நூலில் கை வைப்பவர் மற்றவர்களுக்கு முன்னால் கவனிப்பார். ஆனால் அவர் வாய் திறந்து சொல்வாரா? நிறம் தெரியவில்லை என்று சொன்னால் வேலை போகும் என்ற பயம் இருக்கிற இடத்தில் யார் சொல்வார்? சர்க்கரை நோய் விழித்திரையைத் தொடும்போது நீலமும் மஞ்சளும் முதலில் பாதிக்கப்படலாம். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. புரை முற்றியவருக்கு நீலமும் பச்சையும் பிரிவது கடினம். நாற்பது வருடம் சாயம் போட்ட கைதேர்ந்தவர், எம்.எஸ். நீலம் கொஞ்சம் பச்சையடிக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், தன் கண்ணைச் சந்தேகிக்க மாட்டார்; சாயத்தைத்தான் சந்தேகிப்பார். புரை எடுத்த மறுநாள் உலகம் நீலமாகத் தெரிகிறது என்று பலர் வியப்பது இதனால்தான். ஆகவே நிறம் குழம்புவது யாரோ சிலருக்குப் பிறப்பிலே வந்த விஷயம் என்று ஒதுக்க வழியில்லை. நீண்ட காலம் வாழ்ந்தால் நம்மில் பலர் அந்தப் பக்கம் போய்ச் சேருவோம்.

முன்பு தள்ளி வைத்த மிக அரிய வகைக்கு வருகிறேன். கூம்புகள் வேலை செய்யாத இந்தப் பிறவிக் குறையில் நிறம் அறவே கிடையாது. பார்வை மங்கும், வெயில் கூசும். இது தாய் தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் வெளிப்படும். எனவே நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்யும் நம் வழக்கம் இந்த ஒரு வகையில் உண்மையாகவே ஆபத்தைக் கூட்டுகிறது. சிவப்பு-பச்சைக் குறைக்குச் சொன்ன ஆறுதலை இதற்குச் சொல்ல முடியாது. பசிபிக் கடலில் பிங்கெலாப் என்ற சிறு தீவில், 1775 ஐ ஒட்டி அடித்த ஒரு புயலில் தப்பிய சிலருடைய வழித்தோன்றல்களில், இது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு உண்டு. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அங்கே போய் எழுதிய புத்தகம் 1997 இல் வந்தது. அந்தக் குறை உள்ள ஒரு பெண் இருண்ட குடிசைக்குள் நெய்த பாயைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அரை இருட்டில் அதன் கோலம் எடுப்பாகத் தெரிந்தது. வெயிலுக்குக் கொண்டுவந்தபோது கோலம் ஏறக்குறைய மறைந்துபோனது. நம் கடை வாசலில் நடப்பதற்கு நேர் எதிர். அவள் நெய்தது பிழையான பாய் இல்லை. அது அவள் கண்ணுக்குரிய வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய பாய்.

இனி செய்ய வேண்டியவை; சிலவே, பெரும் செலவும் இல்லை. ஐந்தாம் வகுப்புக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு முறை நிறப்பார்வைச் சோதனை. எண் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு வளைந்து போகும் கோட்டை விரலால் தொடர்ந்து காட்டும் படங்களும் இஷிஹாரா புத்தகத்திலேயே இருக்கின்றன. முடிவைப் பெற்றோரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், வகுப்பில் அறிவிக்கக் கூடாது. என்ன வகை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காசநோய் மருந்து எடுக்கும் நெசவாளரிடம் மாதம் ஒரு முறை நிறம் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். சீட்டு எல்லாச் சிட்டத்துக்கும் வர வேண்டும். குறை உள்ளவர் எடுக்கும் சிட்டத்துக்கு மட்டும் கட்டினால் அது அவரைக் காட்டிக்கொடுக்கும் சீட்டாகிவிடும். அதில் நிறத்தின் பெயர், கலர் கார்டு எண், பாவா ஊடையா என்பது, எந்தச் சேலை என்பது, இந்த நான்கும் போதும். நனைந்தாலும் அழியாத துணித் துண்டில் எழுதலாம். எழுத வேண்டியவர் சாயக்காரர். எழுத வேண்டிய நேரம், நூல் காய்ந்து கொடியிலிருந்து இறங்கும் நேரம். அவர் மறக்க மாட்டார், நிறம் அவர் கையில் பிறந்தது. தார் சுற்றும்போதுதான் கவனம் வேண்டும். சிட்டம் தீர்ந்து தாராகும் அந்த இடத்தில்தான் சீட்டு தரையில் விழுந்து தொலையும். ராட்டைக்குப் பக்கத்தில் நிறத்துக்கு ஒரு கூடை வைத்து, சிட்டத்தை அவிழ்க்கும் முன்பே சீட்டை அந்தக் கூடையின் காதில் கட்டிவிட வேண்டும்.